நெருப்பு தேசம்: நிலக்கரியில் ஓடிய ஒரு கற்பனைப் பேரரசு

வெள்ளைப் பனியோடு கறுப்புக் கரித்தூளும் சேர்ந்து விழத் தொடங்கினால் நெருப்பு தேசத்துக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று துருவத்து மக்களுக்குத் தெரிந்துவிடும். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் இந்தக் காட்சி ஒரு தடவைக்கு மேல் வருகிறது. கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் புகைக்கூண்டு கக்கிய கரி ஊருக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளங்கையில் தீயை வரவழைக்கத் தெரிந்த ஒரு சமூகம் உலகத்தைப் பிடிக்கக் கிளம்பும்போது கையை நம்பிக் கிளம்பவில்லை, கொதிகலனை நம்பித்தான் கிளம்பியது. கற்பனைப் பேரரசுகளில் இதை நான் தனியாக எடுத்துவைத்துப் பேச நினைப்பதற்கு அதுவே காரணம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் உருவாக்கிய இந்த அனிமேஷன் தொடர் 2005 பிப்ரவரியில் நிக்கலோடியனில் தொடங்கி 2008 ஜூலையில் 61 பகுதிகளுடன் முடிந்தது. நீர், மண், நெருப்பு, காற்று என நான்கு மக்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சிலருக்குத் தங்கள் பூதத்தை ஆளும் திறமை பிறவியிலேயே உண்டு. அவர்களை நீராளர், மண்ணாளர், நெருப்பாளர், காற்றாளர் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். நான்கையும் ஆளக்கூடிய ஒரே ஆள் அவதார். கதை தொடங்கும்போது நெருப்பு தேசம் தொடுத்த போருக்கு நூறு வயது. காற்று நாடோடிகளில் ஆங் என்ற ஒரு சிறுவனைத் தவிர யாரும் மிச்சமில்லை. நூறு ஆண்டுகள் பனிப்பாறைக்குள் உறைந்து கிடந்ததால் மட்டுமே அவன் மிஞ்சினான். அவன்தான் அவதார்.

பெரும்பாலானவர்கள் இந்தத் தேசத்தைச் சர்வாதிகாரி ஓஸாய், அவருடைய மகன் ஸூக்கோ, மகள் அஸூலா ஆகிய மூவரின் குடும்பச் சண்டையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். குடும்பச் சண்டை அருமையானதுதான். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள நிலம், இரும்பு, கரி, சிறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கோத்துப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. நெருப்பு தேசம் கட்டிய ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் அது அடக்க நினைத்த மக்களின் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. கரி என்பது மண். கவசவண்டியைச் சாயாமல் நிறுத்தியது நீர். வான்கப்பலைச் சாத்தியமாக்கியது ஓர் அகதியின் மூளை. எந்திரங்கள் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில்தான் உடைந்தன.

முதலில் நிலம். உலகப்படத்தின் மேற்கில் எரிமலைத் தீவுகளின் கூட்டம் ஒன்று. வெப்பமான கடல். தலைநகரம் ஓர் எரிமலையின் வாய்க்குள், நாலு பக்கமும் பாறை விளிம்பு சூழ உட்கார்ந்திருக்கிறது. அரண்மனையும் பிரபுக்களின் மாளிகைகளும் உள்ளே. துறைமுகமும் அணிவகுப்பு மைதானமும் வெளியே, கடலோரம். துறைமுகத்திலிருந்து விளிம்புக்கு ஏறும் பாதை வளைந்து வளைந்து போகிறது. படையெடுத்து வருபவன் ஏறி முடிப்பதற்குள் மேலிருப்பவன் ஆற அமர எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். அதற்கும் முன்னால், கடல் வழியில், அஸூலான் என்ற முன்னாள் அரசரின் பிரமாண்டச் சிலை நிற்கிறது. எதிரிக் கப்பல் வந்தால் தண்ணீருக்குள்ளிருந்து இரும்பு வலை மேலே எழும், அதற்குத் தீ வைப்பார்கள். கடலுக்கே கதவு போட்ட மாதிரி. பிற்பாடு ஆங்கின் தோழனான சொக்கா என்ற பையன் கிறுக்கிய படத்தை வைத்து நீர்மூழ்கிகள் செய்து வலைக்குக் கீழே போய்விடுகிறார்கள். அந்த நீர்மூழ்கிகளை அமிழ்த்தியதும் எழுப்பியதும் நீராளர்கள். கதவு தண்ணீருக்கு மேலேதான் பலமாக இருந்தது.

தீவு என்றால் பாதுகாப்பு உண்டு, பரப்பு கிடையாது. எதிரே இருக்கும் மண் ராஜ்ஜியமோ ஒரு கண்டம். அதன் தலைநகர் பா சிங் சேயின் வெளிமதிலுக்குள் வயல்வெளிகளே அடங்கிக் கிடக்கின்றன. நெருப்பு தேசத்து இளவரசர் ஐரோ 600 நாள் அந்த நகரை முற்றுகையிட்டார். வெளிமதிலை உடைத்தும் விட்டார். மகன் லூ டென் போரில் செத்ததும் மனம் உடைந்து திரும்பிவிட்டார். மகன் சாகாமலிருந்தால் நகரம் விழுந்திருக்குமா என்று ரசிகர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் கணக்கில், மதிலுக்குள்ளேயே நெல் விளையும் ஊரைப் பட்டினி போட்டு வீழ்த்துவது நடக்காத காரியம். சோறும் கரியும் கடல் தாண்டி வரவேண்டிய படைக்குத்தான் நாட்கள் எண்ணப்படும்.

தீவுக்காரனுக்குக் கண்டத்தின் மேல் கண் விழுவது வரலாற்றில் புதிதல்ல. போரைத் தொடங்கிய அரசர் ஸோஸின் அதை ஆசை என்று சொல்லவில்லை. நண்பர் ரோக்குவின் கல்யாணத்தன்று அவரைத் தனியாக அழைத்து, நம் நாடு இதுவரை காணாத அமைதியிலும் செழிப்பிலும் இருக்கிறது, இந்தச் செழிப்பை உலகத்தோடு பங்கிட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். ரோக்கு அந்தக் கால அவதார். பேச்சே வேண்டாம் என்று தடுக்கிறார். பல வருஷம் கழித்து, மண் ராஜ்ஜியத்து ஊர் ஒன்று ஏற்கெனவே நெருப்பு தேசத்துக் குடியேற்றமாகிவிட்டதை ரோக்கு தன் கண்ணாலேயே பார்க்க நேர்கிறது. இருவரும் கால் நூற்றாண்டு பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் எரிமலைப் புகையில் மூச்சுத் திணறிக் கிடக்கும் ரோக்குவை ஸோஸின் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்.

செழிப்பைப் பங்கிடுகிறோம் என்ற பேச்சைக் கேட்டால் 1940இல் ஜப்பான் அறிவித்த 'மாபெரும் கிழக்காசியக் கூட்டு வளமை வட்டம்' ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. நெருப்பு தேசம் ஜப்பானின் நேரடி நகல் இல்லை; அதன் உடையிலும் கட்டடங்களிலும் ஆசியாவின் பல மூலைகள் கலந்திருக்கின்றன. ஆனால் பொருளாதாரத்தின் எலும்புக்கூடு மேஜி பேரரசர் காலத்து (1868–1912) ஜப்பானோடு நன்றாகவே பொருந்துகிறது. 1901இல் இயங்கத் தொடங்கிய யஹாட்டா உருக்காலை, சீனாவை 1895இல் தோற்கடித்து வாங்கிய நஷ்டஈட்டுப் பணத்தின் உதவியோடு எழுந்தது. அதற்கு இரும்புத் தாது சீனாவின் தாயே சுரங்கத்திலிருந்து வந்தது. தோற்றவனின் பணத்தில் உலை, தோற்றவனின் நிலத்துத் தாது. பிறகு அடுத்த போருக்கான எஃகு. 1931இல் மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததிலும் இந்தப் பசிக்குப் பங்குண்டு. தொழிற்புரட்சி நடந்த தீவுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அடுத்தவனின் சுரங்கம் தேவைப்படுகிறது. அங்கிருந்து பேரரசாக மாறுவதற்கு ஒரு சித்தாந்தம் மட்டும்தான் பாக்கி, அதை எழுதிக்கொடுக்க எப்போதும் ஆள் கிடைக்கும்.

தொடரில் இது எங்கே தெரிகிறது? முதல் பருவத்தில், பலரும் சாதாரணம் என்று தள்ளிவிடும் ஒரு பகுதியில். ஹாரு என்ற இளைஞனின் ஊர், மண் ராஜ்ஜியத்துக் கரிச் சுரங்க ஊர். நெருப்பு தேசப் படை அந்தச் சுரங்கத்தைக் கைப்பற்றி, தன் கப்பல்களுக்கான கரியை அங்கிருந்து எடுக்கிறது. சிப்பாய்கள் ஹாருவின் தாயார் நடத்தும் கடைக்கு வந்து, வரி இரண்டு மடங்காகிவிட்டது என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள். மண்ணாளும் திறமையைக் காட்டினால் சிறை. சுரங்கம் இடிந்து ஒரு முதியவர் சிக்கிக்கொள்ள, ஹாரு பாறைகளை மண்ணாளும் திறமையால் தள்ளி அவரைக் காப்பாற்றுகிறான். அன்று இரவே அந்த முதியவர் சிப்பாய்களைக் கூட்டிவந்து அவனைக் காட்டிக்கொடுக்கிறார். ஆக்கிரமிப்பு ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிடிபட்ட மண்ணாளர்கள் போகும் இடம் நடுக்கடலில் நிற்கும் ஒரு இரும்பு மேடை. சுற்றிலும் தண்ணீர், காலடியில் உலோகம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடி மண் கிடையாது. அங்கே அவர்களை நெருப்பு தேசத்துக் கப்பல்களுக்காக வேலை வாங்குகிறார்கள். சிறையை வடிவமைத்தவனுக்குச் சபாஷ் போடலாம். ஆனால் ஆங் மேலே பார்க்கிறான்: புகை. மேடை முழுக்க இரும்புதான், ஆனால் அதை இயக்குவது கரி. கரி என்பது பூமியிலிருந்து வெட்டி எடுத்தது. காற்றுக்குழாய்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடைத்து, ஆங் கீழிருந்து காற்றை ஊத, மேடையின் நடுவே கரி மலையாகக் குவிகிறது. கைதிகள் உடனே துள்ளி எழவில்லை என்பதுதான் இந்தக் காட்சியின் நேர்மை. பழகிப்போன பயம் ஒரு மூட்டைக் கரியால் தீர்ந்துவிடாது. சிறை அதிகாரி கேலி செய்துவிட்டுத் திரும்பும்போது அவர் தலையில் ஒரு கரித்துண்டு வந்து விழுகிறது. எறிந்தவன் ஹாரு. அதன் பிறகுதான் மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். ஹாருவின் ஊரில் வெட்டிய கரியைப் போன்ற ஒன்றே இங்கே அவர்களுடைய ஆயுதமாகிறது.

சின்ன இடைச்செருகல். 2010இல் எம்.நைட் ஷ்யாமளன் இந்தக் கதையைத் திரைப்படமாக எடுத்தார். மாஹேயில் பிறந்தவர் என்பதாலும், ஸூக்கோவாக தேவ் படேல் நடித்ததாலும் நம் பக்கத்தில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது. நாயகர்கள் வெள்ளையர்களாகவும் நெருப்பு தேசத்தார் தெற்காசிய முகங்களாகவும் மாறியதற்குக் கண்டனமும் எழுந்தது. என் புகார் வேறு. படத்தில் மண்ணாளர்கள் சிறை வைக்கப்பட்டிருப்பது மண்தரையில். காலுக்கடியில் மண் இருக்கிறதே என்று ஆங் வந்து சொல்லும்வரை யாருக்கும் அது உறைக்கவில்லையாம். இரும்பு மேடையை எடுத்துவிட்டதும் நெருப்பு தேசம் யோசிக்கத் தெரிந்த பேரரசாக இல்லாமல் போய்விடுகிறது, சிறையிலிருப்பவர்களும் அசடுகளாகிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, படத்து நெருப்பாளர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் எரியும் தீ இருந்தால்தான் வேலை நடக்கும். விளக்கை அணைத்தால் தோற்றுப்போகும் படைக்கு எதிராக நூறு வருஷம் எதற்காகப் போராட வேண்டும்?

மூலத் தொடரில் சிறைகளே இந்தப் பேரரசின் பொறியியல் அருங்காட்சியகம். நீராளர்களுக்கு வேறு மாதிரி சிறை: தொங்கும் கூண்டு, உள்ளே வறண்ட காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போது கைகால்களைக் கட்டிவிடுவார்கள். சொந்த நாட்டு நெருப்பாளர் கைதிகளுக்குக் கொதிப்பாறைச் சிறையில் குளிர் அறை உண்டு. அந்தச் சிறை ஒரு எரிமலை வாயில், கொதிக்கும் ஏரியின் நடுவே இருக்கிறது, போக வர ஒரே ஒரு தொங்கு கம்பிவண்டி. எதை எடுத்துவிட்டால் ஒருவன் பலமிழப்பான் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் எடுத்துவிடுவது. கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரு இடத்தில் தவறுகிறது. ஹாமா என்ற நீராளப் பெண், எலியின் உடம்பிலும் காவலாளியின் உடம்பிலும் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுகொள்கிறாள். பௌர்ணமி இரவுகளில் அதை ஆளப் பழகி, காவலாளியின் கையாலேயே பூட்டைத் திறக்கவைத்து வெளியேறுகிறாள். கொதிப்பாறையில் குளிரை வெளியே விடாத அறை, வெப்பத்தையும் உள்ளே விடாது. அதைக் கழற்றிக் கொதிக்கும் ஏரியில் படகாக மிதக்கவிடலாம் என்று சொக்கா திட்டம் போடுகிறான். அந்தப் படகுப் பயணம் பாதியில் பிசகியது வேறு விஷயம், யோசனையில் பிழை இல்லை.

அடுத்து எந்திரங்கள். நெருப்பு தேசத்துக்குச் சொந்தக் கண்டுபிடிப்பாளர்கள் இல்லாமலில்லை. ஆனால் தொடரில் நாம் முகம் பார்க்கும் பெரிய கண்டுபிடிப்பாளர் ஒரு அகதி, அவரை எந்திரக்காரர் என்றே அழைக்கிறார்கள். வெள்ளத்தில் ஊரையும் மனைவியையும் இழந்து, நடக்க முடியாத மகன் டியோவோடும் பிழைத்த மக்களோடும் காற்று நாடோடிகளின் வடக்குக் கோயிலில் குடியேறியவர். நெருப்பு தேசச் சிப்பாய்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோயிலை எரிக்காதீர்கள், உங்களுக்கு வேண்டியதைச் செய்து தருகிறேன் என்று ஒப்பந்தம். அழிக்கப்பட்ட ஒரு மக்களின் கோயிலில், ஆக்கிரமிக்கப்பட்ட இன்னொரு மக்களின் ஆள், அழித்தவனுக்கே ஆயுதம் செய்து கொடுக்கிறார். மகனுக்குத் தெரியாமல் பூட்டிய அறைக்குள். அவர் கெட்டவரும் இல்லை, கோழையும் இல்லை. மகனைப் பெற்றவர், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை முறித்ததும் படை மலையேறி வருகிறது. செங்குத்துப் பாறையில் கொக்கிச் சங்கிலி வீசி ஏறும் கவசவண்டிகள், எப்படிப் புரட்டினாலும் நிமிர்ந்துவிடுகின்றன. அப்போது எந்திரக்காரருக்குத் தான் கொடுத்த யோசனையே ஞாபகம் வருகிறது: உள்ளே சமன்செய்வது தண்ணீர். ஆங்கின் தோழியான நீராளர் கட்டாரா அந்தத் தண்ணீரை உறையவைக்க, வண்டிகள் நின்றுபோகின்றன. அதே சண்டையில் ஒரு வெப்பக்காற்றுப் பலூனும் பறக்கிறது. எந்திரக்காரர் செய்த பலூனுக்கு ஏற மட்டுமே தெரியும், இறங்கத் தெரியாது. உச்சியில் ஒரு மூடி வைத்துத் திறந்து மூடினால் போதும் என்று சொன்னவன் சொக்கா. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் எரிவாயு மலைப்பிளவில் கசிவதைக் கண்டுபிடித்து, பலூனின் எரியும் உலையைக் கழற்றி அதற்குள் போட, மலையே வெடிக்கிறது. படை ஓடுகிறது. பலூன் கீழே விழுகிறது.

விழுந்த பலூனை நெருப்பு தேசத்தார் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தோல்விதான் இனி வரப்போகும் வெற்றிகளுக்கு வாசல் என்ற மாதிரி போர் அமைச்சர் சொல்கிறார். சொன்னபடியே, குளிர்காலத்தில் விழுந்த அந்தச் சீலைப் பலூன் அடுத்த கோடைக்குள் இரும்பு உடம்பு கொண்ட வான்கப்பல் படையாகிவிடுகிறது. நெருப்பு தேசத்தின் உண்மையான பலம் இந்த வேகம்தான். மற்றவர்கள் ஒன்றே ஒன்று செய்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, அதை வாங்கியோ பிடுங்கியோ பட்டறையில் கொடுத்துப் பத்து, இருபது என்று அடித்துத் தள்ளும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. ஆனால் அதன் விதை வெளியிலிருந்து வந்தது.

பா சிங் சேயின் மதிலைத் துளைக்க வந்த ராட்சதத் துரப்பணம் இன்னும் பெரிய உதாரணம். மலைத்தொடர் போல ஊர்ந்து வரும் இரும்பு. வெளியே மண்ணாளர்கள் எறியும் பாறைகள் அதன் தோலில் சிராய்ப்பைக்கூட உண்டாக்கவில்லை. ஆனால் பாறையைக் குடையும் எந்திரம் குடைந்ததை எங்கேயாவது வெளியேற்றியாக வேண்டும். இது பாறைத்தூளைத் தண்ணீரோடு கலந்து சேறாக்கி, குழாய் வழியாகப் பின்பக்கம் துப்புகிறது. மண்ணும் நீரும். கட்டாராவும், ஆங்கின் கூட்டத்திலுள்ள மண்ணாளர் சிறுமி டாஃபும் பின்னால் நின்று அந்தச் சேற்றைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார்கள். முன்னதாகவே உள்தூண்களைப் பாதி பாதி அறுத்து வைத்தாயிற்று. மேலிருந்து ஆங் கொடுக்கும் ஓர் அடியில் எல்லாம் சேறாகப் பீறிட்டு முடிகிறது. பிறகு அந்த நகரை நெருப்பு தேசம் பிடிக்கத்தான் செய்தது. எப்படி? அஸூலா இரண்டு தோழிகளோடு மாறுவேஷத்தில் உள்ளே போய், நகரத்தின் சொந்த ரகசியப் போலீசான டாய் லீயைத் தன் பக்கம் திருப்பினாள். 600 நாள் முற்றுகையும் உலகத்திலேயே பெரிய எந்திரமும் செய்யாத வேலையை உட்பகை செய்தது. பா சிங் சேயில் போர் நடக்கிறது என்று சொல்வதையே குற்றமாக வைத்திருந்தவர்கள் அந்தப் போலீஸ். அப்படிப்பட்ட ஆட்களுக்கு எஜமான் மாறுவதில் பெரிய சிரமம் இருப்பதில்லை.

உலோகம் மண்ணாளர்களுக்குக் கட்டுப்படாது என்ற நம்பிக்கையில்தான் மேடைச் சிறையிலிருந்து வான்கப்பல் வரை எல்லாம் கட்டப்பட்டன. கண் தெரியாத பன்னிரண்டு வயது டாஃபை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள் (அடைத்தவர்கள் நெருப்பு தேசத்தார் அல்ல, அவளுடைய அப்பா அனுப்பிய கூலிகள்). அவள் பெட்டியின் சுவரில் அடித்து அடித்து, எஃகுக்குள் இன்னும் கலந்திருக்கும் மண் துகள்களை உணர்ந்துவிடுகிறாள். உலோகம் என்பது சுத்திகரித்த மண்தானே. அந்த நாளோடு நெருப்பு தேசத்தின் நூறாண்டுப் பொறியியல் காலாவதி. இறுதிப் போரில் அவள் வான்கப்பலின் சுக்கானை வளைத்துவிட, அந்தக் கப்பல் பக்கத்துக் கப்பல்களை வரிசையாகக் கீறிக்கொண்டே போகிறது.

ஆட்சி பற்றி. நெருப்பரசர் எரியும் தீத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், கீழே தளபதிகள் உலக வரைபடத்தைச் சுற்றி. இந்த முழு அதிகாரம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. சில நூற்றாண்டுகள் முந்தைய காலத்தைச் சொல்லும், கியோஷி என்ற பழைய அவதாரைப் பற்றிய நாவல்களில் இதே நாடு தீவுக்குத் தீவு குலம், குலத்துக்குக் குலம் பகை என்று கிடக்கிறது. அரசர் அவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிறார். ஸோஸின் காலத்தில் அந்தக் குரல்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அவதாருக்கு ஊழியம் செய்துவந்த தீ முனிவர்கள்கூட, அவதார் காணாமல்போனதும் அரசருக்குத் தலைவணங்க வேண்டியதாயிற்று. அரசருக்கு முடிசூட்டுவது அவர்கள். ஆனால் மறுக்கும் உரிமை என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பேச்சுக்கு என்ன கதி என்பதற்கு ஸூக்கோவின் முகத்திலுள்ள தழும்பே சாட்சி. போர்க்கூட்டத்தில் ஒரு தளபதி, புதிதாகச் சேர்ந்த பையன்கள் நிறைந்த 41ஆம் பிரிவை எதிரிக்கு இரையாக அனுப்பிவிட்டு வேறு பக்கம் தாக்கலாம் என்கிறார். பதின்மூன்று வயது ஸூக்கோ அது துரோகம் என்று எழுந்து சொல்கிறான். தண்டனை, 'அக்னி கை' என்ற நெருப்பு துவந்தம். தளபதியோடு மோதப்போகிறோம் என்று களத்தில் இறங்கியவன் எதிரே நிற்கும் தகப்பனைப் பார்த்து மண்டியிட்டுவிடுகிறான். ஓஸாய் அவன் முகத்தை எரித்து நாடுகடத்துகிறார். 2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில், அவனுடைய கப்பலில் வரும் மாலுமிகளே அந்த 41ஆம் பிரிவினர் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தொடர் செய்த மாற்றங்களில் எனக்கு முழு மனதோடு பிடித்தது அது ஒன்று.

சிப்பாய் உருவாவது பள்ளிக்கூடத்தில். மூன்றாம் பருவத்தில் ஆங் மாறுவேஷத்தில் நெருப்பு தேசப் பள்ளி ஒன்றில் உட்காருகிறான். காலையில் உறுதிமொழி: கையும் மனமும் காலும் அரசருக்கும் நாட்டின் நாகரிக அணிவகுப்புக்கும் சமர்ப்பணம். 1890இல் மேஜி பேரரசர் வெளியிட்ட கல்வி ஆணையை ஜப்பானியப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இதே ரகம். இங்கே நடனம் கூடாது. வரலாற்று வகுப்பில், ஸோஸின் காற்று நாட்டுப் படையோடு போரிட்ட ஆண்டு எது என்று ஆசிரியை கேட்கிறார். காற்று நாடோடிகளுக்குப் படையே கிடையாது, பதுங்கித் தாக்கித்தான் அவர்களைத் தோற்கடித்தார் என்று ஆங் சொல்கிறான். நூறு வருஷம் முன்னால் நீயே அங்கிருந்தால் தவிர, தேசிய வரலாற்றுப் புத்தகத்தைவிட உனக்கு எப்படி அதிகம் தெரியும் என்று ஆசிரியை மடக்குகிறார். சிரிப்பு வரும் இடம். இருந்தவன்தான் அவன்.

பொய் வரலாறு எழுதியவர்கள் உண்மை வரலாற்றை எரிக்கவும் செய்தார்கள். பாலைவனத்துக்குள் புதைந்த பெரும் நூலகத்தில் நெருப்பு தேசத்தைப் பற்றிய பகுதி முழுக்கச் சாம்பல். மிஞ்சிய ஒரு துண்டுத் தாளில், அந்த நாட்டின் மிக இருண்ட நாள் என்று ஒரு தேதி. அது சூரிய கிரகணம். நெருப்பாளர்களின் சக்தி சூரியனிலிருந்து வருவதால் கிரகணத்தின் எட்டு நிமிஷமும் அவர்கள் வெறுங்கை. மறுபக்கம், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரம் அவர்களைப் பல மடங்கு பலசாலிகளாக்கும். காற்று நாடோடிகளைக் கூண்டோடு அழித்தது அந்த வெளிச்சத்தில்தான். இத்தனை கரியும் எஃகும் சேர்த்த பிறகும், பேரரசின் பெரிய தேதிகளை வானம்தான் குறித்துக்கொடுத்தது.

இந்தப் புகையில் சொந்த மக்களும் தப்பவில்லை. ஜாங் ஹூய் நெருப்பு தேசத்துக்குள்ளேயே ஒரு ஆற்றின் நடுவில் கால்நட்டுக் கட்டிய மீனவர் கிராமம். ராணுவத் தளவாட ஆலை கழிவைக் கொட்டி ஆறு கறுத்துப்போய், மீன் செத்து, குழந்தைகள் நோயில் படுத்திருக்கிறார்கள். ஆலையின் சிப்பாய்கள் அவர்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை. ஆலைக் கழிவால் ஆறு செத்துப்போன ஊர்கள் நமக்கும் தெரியும் என்பதால் இந்தப் பகுதி கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

கடைசியில் ஓஸாய் எடுத்த முடிவைப் பார்த்தால், இந்தப் பேரரசு தான் எதற்காகக் கடல் தாண்டியது என்பதையே மறந்துவிட்டது புரியும். மண் ராஜ்ஜியத்தார் நம்பிக்கை இருக்கும்வரை எதையும் தாங்குவார்கள் என்று ஸூக்கோ போர்க்கூட்டத்தில் சொல்லப்போக, அப்படியானால் நம்பிக்கையோடு சேர்த்து நிலத்தையே எரித்துவிடலாம் என்று ஓஸாய் முடிவுக்கு வருகிறார். வால்நட்சத்திர நாளில் வான்கப்பல்கள் கண்டத்தை ஒரு முனையிலிருந்து கொளுத்திக்கொண்டு போகவேண்டும். சாம்பலிலிருந்து எழும் உலகத்துக்கு அவர் பீனிக்ஸ் மன்னர். சுரங்கம், வயல், வரி கட்டும் ஊர் எல்லாம் வேண்டித்தானே ஸோஸின் குடியேற்றம் தொடங்கினார்? அவருடைய பேரன் ஓஸாய்க்கு அவை எதுவும் தேவைப்படவில்லை, எரிவதைப் பார்த்தால் போதும். திட்டம் பலித்திருந்தால் அடுத்த குளிர்காலத்துக்குக் கரி எங்கிருந்து வந்திருக்கும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்பவனின் முகம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போர் முடிந்ததும் குடியேற்றங்களைக் காலி செய்துவிடலாம் என்று புது அரசர் ஸூக்கோவும் ஆங்கும் எளிதாக முடிவெடுத்தார்கள். 2012இல் வெளியான 'தி பிராமிஸ்' படக்கதை அது ஏன் நடக்கவில்லை என்று காட்டுகிறது. குடியேற்றங்களிலேயே பழைய நகரமான யூ டாவில், மண்ணாளர்களின் கைவண்ணமும் நெருப்பாளர்களின் நுட்பமும் சேர்ந்ததால்தான் உலகத்தரமான உலோகப்பொருள்கள் உருவாயின. அந்த ஊர்த் தலைவர் நெருப்பு தேசத்தார், மனைவி மண் ராஜ்ஜியத்தார், மகள் கோரி மண்ணாளர். தன்னை நெருப்பு தேசத்துக் குடிமகள் என்கிறாள். இவளை எந்தக் கப்பலில் ஏற்றி எங்கே அனுப்புவது? நூறாண்டு அநியாயத்தில் முளைத்த ஊராக இருந்தாலும் ஊர் ஊர்தான். இழுபறிக்குப் பின் அந்தப் பகுதி யாருக்கும் சொந்தமில்லாத தனிக் குடியரசாகிறது. அதில் அநியாயம் செய்தவன் கொஞ்சம் சுலபமாகவே தப்பித்துவிட்டான் என்று மண் ராஜ்ஜியத்துப் பக்கம் நின்று வாதிட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்தக் குடியரசின் தலைநகரில்தான் 2012 முதல் 2014 வரை வந்த அடுத்த தொடரான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' நடக்கிறது. டாஃப் கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள். ஹிரோஷி ஸாட்டோ என்ற தொழிலதிபர் ரகசியமாகச் செய்த எந்திரக் கவசங்கள் பிளாட்டினத்தால் ஆனவை; மண் கலப்பே இல்லாத அவ்வளவு தூய உலோகத்தை டாஃபாலும் வளைக்க முடியாது என்று அவர் அவளுடைய மகளிடமே பெருமையடிக்கிறார். பிற்பாடு மண் ராஜ்ஜியத்தையே பேரரசாக்கக் கிளம்பிய கூவிராவும் தன் ராட்சத எந்திர மனிதனைப் பிளாட்டினத்தில்தான் வார்க்கிறாள். இந்த முறை உலோகத்துக்குள் யாருடைய பூதமும் இல்லை. ஆகவே ரம்பத்தால் தோலை அறுத்து ஆட்கள் உள்ளேயே இறங்க வேண்டியிருக்கிறது. உள்ளே அதன் ஆற்றல் மையத்தை மின்னல் பாய்ச்சி வெடிக்கவைத்தவன் மாக்கோ. மின்னல் ஒரு காலத்தில் ஓஸாய், அஸூலா போன்ற அரச குடும்பத்தாரின் கையிலேயே நாம் அதிகம் பார்த்த வித்தை. மாக்கோ அநாதையாகத் தெருவில் வளர்ந்து, நகரத்து மின்நிலையத்தில் மற்ற தொழிலாளிகளோடு வரிசையில் நின்று கூலிக்கு மின்னல் பாய்ச்சியவன்.